ஒரு மில்லிசெகண்ட் தூரம்

சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிக்காதீர்கள். முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு என்னைத் திட்டக்கூடாது. இது நடந்தது. ஈப்போவுக்கு வெளியே, ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய ஒரு தாமான் குடியிருப்பில், தீபாவளிக்கு முதல் நாள் நண்பன் பவித்ரன் வீட்டில் நடந்தது. அவன் இதைச் சொன்னபோது எங்கள் முன்னால் சுடச்சுட மீ கோரெங் நூடுல்ஸ் இருந்தது. பாதிக் கதையில் அவன் தட்டைத் தள்ளிவிட்டான். முழுக்கதையும் கேட்டபின் நானும் தள்ளிவிட்டேன்.

பவித்ரனுக்கு இருபத்து நான்கு வயது. ஈப்போவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை. வீடு வீடாகப் போய் இண்டர்நெட்டைச் சரிசெய்து கொடுப்பான். ஊரார் வீட்டு வைஃபை எல்லாம் பறக்கும், அவன் வீட்டு வைஃபை மட்டும் படுத்துக் கிடக்கும். வேலை விட்டு வந்தால் கேம்தான். ஐந்து பேர் சேர்ந்த குழு ஒன்று வைத்திருந்தார்கள். மாநில அளவுப் போட்டியில் அரையிறுதிவரை வந்தும் விட்டார்கள். அந்த அரையிறுதியை யாரோ ஒரு புண்ணியவான் தீபாவளிக்கு முதல் நாள் மாலை ஆறரைக்குக் குறித்து வைத்தான். அதே மாலையில்தான் பவித்ரனின் அம்மா குமுதா, செத்துப்போன புருஷனுக்குப் படையல் போடுவதாக இருந்தாள்.

படையல் என்றால் சும்மா இல்லை. போனவருக்குப் பிடித்ததையெல்லாம் ஆக்கி, இலை போட்டுப் பரிமாறி, பேர் சொல்லி அழைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியேறிவிட வேண்டும். அவர் வந்து சாப்பிடுவார். அரைமணி நேரம் யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது. அதுவரை வீட்டில் ஒருவர் வாயிலும் ஒரு பருக்கை படக்கூடாது.

அப்பா சன்னாசி தொண்டைப் புற்றுநோயில் போனவர். கதிர் சிகிச்சைக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் பல் எல்லாவற்றையும் பிடுங்கினார்கள். பிறகு ஆபரேஷனில் குரலும் போனது. கடைசி வருடம் முழுக்க மூக்கில் சொருகிய குழாய் வழியாகத்தான் சாப்பாடு. அதைச் சாப்பாடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏதோ பவுடர் கரைசல். ஹால் மூலையில் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். பசித்தால் எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டுவார். மூன்று தட்டு. டிங், டிங், டிங். குமுதா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள். அவர் அடுக்களைப் பக்கம் கையைக் காட்டுவார். அங்கே கறி கொதிக்கும் வாசனை வந்திருக்கும். நல்லி எலும்பு என்றால் அவருக்கு உயிர். “நல்லானதும் ஆக்கிப் போடுறேங்க” என்று ஒரு வருடம் முழுக்க அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவருக்கு நல்லாகவே இல்லை.

அவர் இறந்த வருடம் துக்கம், பண்டிகை இல்லை. ஆக, இதுதான் அவருக்கு முதல் படையல். பசியோடு போன மனுஷன் இன்றாவது வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். குமுதாவுக்கு வேறு நினைப்பே இல்லை. விடியும் முன்னே மார்க்கெட்டுக்குப் போய் நல்லி எலும்பாகப் பார்த்து வாங்கி வந்தாள். “பல்லில்லாதவருடா” என்று சொல்லிச் சொல்லிக் கறி பஞ்சாகும்வரை வேகவைத்தாள்.

பவித்ரனோ மத்தியானத்திலிருந்து ரூட்டரோடு மல்லுக்கு நின்றான். ஆட்டத்துக்கான அறையை அவன் கம்ப்யூட்டரில்தான் திறக்க வேண்டும், மற்றவர்கள் அதற்குள் வந்து சேர வேண்டும். அவன் குழுவில், தைப்பிங்கில் இருக்கும் ஷர்வின் உள்ளே வந்தால் ஹுத்தான் மெலிந்தாங் ஊர்ப் பையன் அறுந்து போவான். அவன் வந்தால் எதிரணிக்காரன் ஒருவன் வெளியே நிற்பான். வைஃபையை விட்டுவிட்டுக் கேபிள் போட்டான். ரூட்டரை அணைத்துப் போட்டான். போர்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. நடு ஆட்டத்தில் அறை மூடிக்கொண்டால் அறை திறந்த அணி தோற்றதாகக் கணக்கு.

கடைசியில், வாடிக்கையாளர் யாராவது செய்தால் அவனே வாய்க்கு வந்தபடி திட்டுகிற வேலையை அவன் செய்தான். ரூட்டரில் இருந்த காவல் முழுவதையும் எடுத்துவிட்டான். வெளியிலிருந்து எது வந்தாலும் கேள்வி கேட்காமல் உள்ளே விடு என்று போட்டான். உடனே எல்லாரும் வந்து சேர்ந்தார்கள்.

ரூட்டர் இருந்தது ஹாலில், அப்பாவின் கட்டில் கிடந்த அதே மூலையில். படையலும் அங்கேதான். ரூட்டரின் மூன்றாவது துளையிலிருந்து சாம்பல் நிறக் கேபிள் ஒன்று தொங்கியது. அப்பா படுத்தபடி படம் பார்க்க டிவி பெட்டிக்குப் போட்டது. பெட்டியை எப்போதோ கொடுத்துவிட்டார்கள். கேபிளின் மறுமுனை எதிலும் சேராமல் தரையில் சுருண்டு கிடந்தது. அதை எடுத்துப்போட யாருக்கும் தோன்றவில்லை.

ஆறு இருபதுக்குக் குமுதா இலை போட்டாள். சோறு, கறி, வடை, முறுக்கு, புதுச் சட்டை, புதுக் கைலி. மகன் கையில் கற்பூரத்தைக் கொடுத்தாள்.

“அப்பா பேரச் சொல்லிக் கூப்புடு. மூணு தடவ. நான் போயி ஸ்டவுட்டு பீரு ஊத்தி எடுத்தாரேன்.”

பவித்ரன் கற்பூரம் காட்டினான். ஒரு காதில் வயரில்லாத ஹெட்செட், கண்ணெல்லாம் ரூட்டர் விளக்கின் மேல்.

“வாங்க. சாப்புட வாங்க. வாங்க,” என்றான்.

அவ்வளவுதான். யாரை என்று சொல்லவில்லை. கற்பூரம் அணையும் முன்னே எழுந்துவிட்டான்.

அப்பாவின் எவர்சில்வர் டம்ளரில் ஸ்டவுட்டோடு குமுதா வந்தாள். பழக்க தோஷத்தில் கரண்டியையும் போட்டிருந்தாள். இலைக்கு வலப்பக்கம் வைத்தாள்.

“பேரு சொன்னியாடா?”

“சொன்னேன்மா.”

அடுக்களைக் கதவைச் சாத்தினார்கள். முன்கதவைச் சாத்திவிட்டு அவள் போர்ச்சில் போய் உட்கார்ந்தாள். பவித்ரன் அடுக்களையை ஒட்டிய தன் அறைக்கு ஓடினான்.

ஆறரை. ஆட்டம் தொடங்கியது. மழையும் தொடங்கியது. போர்ச் தகரத்தில் விழுந்த சத்தத்தில் குமுதாவுக்கு வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆறு முப்பத்தேழு.

சப்... சப்... சப்...

“டேய் பவி, வாயில என்னாடா? தின்னுக்கிட்டே வெளையாடாத. கெலியா இருக்கு லா, கொமட்டுது!” ஷர்வின் கத்தினான்.

“நான் தின்னலடா. வீட்ல படையல். பச்சத் தண்ணிகூட குடிக்கல.”

சப்... சப்... மூடத் தெரியாத வாய். நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற சத்தம். நடுநடுவே எச்சிலை உறிஞ்சி இழுக்கிற சத்தம். காதுக்குள் யாரோ உட்கார்ந்து தின்றது மாதிரி இருந்தது.

தன் மைக்கை அணைத்தான். சத்தம் நிற்கவில்லை.

ஐந்து பேரும் மைக்கை அணைத்தார்கள்.

சப்... சப்...

கடக்.

எலும்பு உடையும் சத்தம். அப்புறம் அதை அரைக்கும் சத்தம். நறநறவென்று... நிதானமாக.

ஷர்வினிடமிருந்து எழுத்தில் செய்தி வந்தது. ‘மச்சான், பார்வையாளர் எடத்துல ஒருத்தன் ஒக்காந்திருக்கான். பேரே இல்ல.’

பவித்ரன் பட்டியலைப் பார்த்தான். பத்து ஆட்டக்காரர்கள். கீழே பார்வையாளர் என்று ஒரு வரி. பேர் இருக்க வேண்டிய இடம் காலி. ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஓர் எண் இருக்கும், தகவல் போய்த் திரும்ப எத்தனை மில்லிசெகண்ட் என்று. தைப்பிங்கில் இருக்கும் ஷர்வினுக்குப் பதினான்கு. ஹுத்தான் மெலிந்தாங் பையனுக்குப் பதினேழு.

காலி வரிக்கு ஒன்று.

இது அவன் தொழில். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று என்றால் பக்கத்து வீடுகூட இல்லை. இதே வீடு. இதே ரூட்டர். கேபிள் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

வெளியே தள்ளினான். வரி மறைந்தது.

திரும்ப வந்தது. ஒன்று.

ரூட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தான். மூன்றாவது துளை... இணைப்பில் இருக்கிறது என்றது.

அந்த நேரம் பார்த்து ஆட்டத்தில் அவன் செத்தான். மறுபடி உயிர் வர நாற்பது விநாடி. ரூட்டரை அணைத்தால் ஆட்டம் போய்விடும். அந்த ஒரு கேபிளைப் பிடுங்கினால் போகாது. எழுந்தான்.

ஹாலுக்குப் போகும் அடுக்களைக் கதவை மெல்லத் தள்ளினான்.

ஹால் விளக்கு அணைந்திருந்தது. நாற்றம் முகத்தில் அடித்தது. கறி வாசனை இல்லை. ஒரு வாரம் மூடிக் கிடந்த எச்சில் பாத்திரம், பல் தேய்க்காத வாய், இரண்டும் கலந்த நாற்றம்.

ஹெட்செட்டைக் கழற்றினான். ஹாலில் மழையைத் தவிர சத்தமே இல்லை.

ஒரு காதில் மட்டும் திரும்ப வைத்தான். சப்... சப்... சப்...

காலடியில் ஏதோ வழவழத்தது. நெய்யா, எச்சிலா... தெரியவில்லை. கைபேசி வெளிச்சத்தை அடித்தான்.

டம்ளர் இலையை விட்டு விலகிச் சுவரோரமாக இருந்தது. ஸ்டவுட் அப்படியே இருந்தது.

தரையில் கிடந்த கேபிள் முனை இப்போது இலை நடுவில் இருந்தது. குழம்புக்குள்.

முனை சப்பையாக நசுங்கியிருந்தது. கேபிளின் தோல் முழுக்கப் பல் தடம். சின்னச் சின்னப் பல்... நெருக்க நெருக்கமாக. அதிலிருந்து எச்சில் நூலாக இழுத்துக்கொண்டு இருந்தது.

வெளிச்சத்தைத் திருப்பிவிட்டான். இலையை அவன் மேற்கொண்டு பார்க்கவில்லை.

ரூட்டர் பக்கத்து முனையைப் பிடித்து இழுத்தான்.

வரவில்லை.

மறுமுனையை ஏதோ பிடித்து இழுத்தது.

இன்னும் பலமாக இழுத்தான். கழன்றது. ஈர முனை வந்து அவன் கணுக்காலில் சொத்தென்று ஒட்டியது.

ரூட்டரில் மூன்றாவது விளக்கு அணைந்தது. மெல்லும் சத்தம் நின்றது.

அப்புறம்... ஓர் ஏப்பம்.

நீளமாக. நிறைவாக.

அது ஹெட்செட்டில் வரவில்லை. ஹெட்செட் இல்லாத காதுப் பக்கம் வந்தது. சூடாக.

ஆட்டத்தில் அவர்கள் ஜெயித்தார்கள். எப்படி என்று பவித்ரனுக்குத் தெரியாது. அவன் குளியலறையில் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். சவர்க்காரம் பாதி கரைந்தும் நாற்றம் போகவில்லை.

ஏழு மணிக்குக் குமுதா கதவைத் திறந்தாள். “ஐயோ, பவி! ஓடியா! பாருடா!” என்று அவள் போட்ட கூச்சலில் அவன் ஈரக்காலோடு ஓடினான். போய்ப் பார்த்தால் அழுகிறாள். சந்தோஷத்தில் அழுகிறாள். கறி காலி. நல்லி எலும்புகள் பொடிப்பொடியாகக் கிடந்தன. இலை, நக்கி வைத்தது போல் பளபளவென்று இருந்தது, ஓரத்தில் மட்டும் ஒரு பிடி சோறு குழைந்து கிடந்தது.

“பூனையா இருக்கும்மா,” என்றான்.

“சாத்துன கதவுல பூன எங்கேருந்துடா வரும்? உங்கப்பா சாப்புட்டாருடா! எலும்பக்கூட விடல பாரு!”

“அவருக்குப் பல்லே இல்லையேம்மா.”

குமுதா ஒரு கணம் யோசித்தாள். பிறகு சிரித்தாள். “அங்க போனதும் எல்லாம் மொளச்சிருக்கும் லா.”

படைத்ததில் மிச்சத்தை வீட்டார் சாப்பிட வேண்டும். அது போனவர் கொடுக்கும் ஆசீர்வாதம். அவள் அந்த ஒரு பிடி சோற்றைப் பிசைந்து தன் வாயில் கொஞ்சம் போட்டுக்கொண்டாள். மீதியை உருட்டி மகன் வாயருகே நீட்டினாள். சோறு கொழகொழவென்று நூல் விட்டது.

“அப்பா சாப்புட்ட மிச்சம். வாங்கிக்கய்யா.”

அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவன் மூன்று வருடமாகப் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தான். அது வெதுவெதுப்பாக இருந்தது என்று மட்டும் என்னிடம் சொன்னான். அங்கேதான் மீ கோரெங் தட்டைத் தள்ளினான்.

கதை இதோடு முடிந்திருந்தால் அவன் யாரிடமும் சொல்லியிருக்கமாட்டான்.

அடுத்த அமாவாசையன்று குமுதா மறுபடி நல்லி எலும்பு வாங்கி வந்து அடுப்பில் ஏற்றினாள். “மாசா மாசம் வைக்கலாம்டா. ஆசையா சாப்புடுறாரு.” ரூட்டரில் பழையபடி காவலைப் போட்டு, அந்தக் கேபிளையும் எரித்துவிட்டதால் பவித்ரன் தடுக்கவில்லை. அன்று சாயங்காலம் ஷர்வினிடமிருந்து ஓர் ஒலிப்பதிவு வந்தது. ஆட்டத்தை அவன் பதிவு செய்து வைத்திருந்தானாம். ஒவ்வொருவர் மைக்கும் தனித்தனியாகப் பதிவாகியிருந்ததாம். ‘பேரில்லாதவன் மைக் மட்டும் அனுப்புறேன். பின்னால என்னமோ கேக்குது. உன் வீட்டுச் சத்தமான்னு பாரு.’

பவித்ரன் ஹாலில் நின்றபடியே போட்டான்.

சப்... சப்... சப்...

நிறுத்தப் போனான். அப்போதுதான் அது கேட்டது. மெல்லும் சத்தத்துக்குப் பின்னால்... கொஞ்சம் தள்ளி... சுவரோரத்திலிருந்து வருவது போல.

டிங். டிங். டிங்.

கொஞ்சம் இடைவெளி.

டிங். டிங். டிங்.

“இதோ வாரேங்க!”

அடுக்களையில் கரண்டி விழுந்தது. குமுதா ஈரக்கையோடு ஓடி வந்தாள். ஹாலுக்கு வந்த பிறகுதான் அங்கே கட்டில் இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. மகன் கையிலிருந்த கைபேசியைப் பார்த்தாள். அது சப்புக்கொட்டித் தின்றுகொண்டிருந்தது. பின்னால் டம்ளர் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. வேகமாக. கெஞ்சுவது போல.

“இது என்னிக்கு எடுத்ததுடா?”

“படையலன்னிக்கு.”

எலும்பு உடைந்தது. கடக். டம்ளர் அடித்தது. டிங், டிங், டிங்.

“பசிச்சாதானடா அவரு தட்டுவாரு...” குமுதா ஹால் மூலையைப் பார்த்தாள். “அப்ப எலையில சாப்புட்டது யாரு?”

அந்த மிச்சத்தை இரண்டு பேரும் சாப்பிட்டிருந்தார்கள்.