சாம்பல்காரிக்கு ஐந்து நட்சத்திரம்

டுவேன் குபியாக் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். எனக்கும் அதே வேலைதான். ஈரி மாவட்டத்துக் கொட்டகையில் எங்கள் லாரிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஏரிப் பக்கமிருந்து பனி வந்துவிட்டால் சாப்பாடு, தூக்கம் எல்லாம் லாரிக்குள்தான். வராத நாளில் உப்புக் குவியலை ஒட்டிய ஹீட்டர் அறையில் உட்கார்ந்து, சம்பளத்துக்குச் சும்மா இருப்போம். அந்தச் சும்மா நேரத்தில் எங்கள் கொட்டகையே ஃபோனில் 'ஏழு கோட்டை' விளையாடும். சீட்டை வைத்துச் சண்டை போடுகிற விளையாட்டு. நான் பொழுதுபோக்குக்கு ஆடுவேன். டுவேன் அப்படி இல்லை.

அவனைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். ஊரே வேண்டாம் என்று தள்ளியதை எடுத்துப் பார்த்து, "இதுல என்ன குறை?" என்று கேட்கிற பிறவி அவன். நாட்டிலேயே அசிங்கமான கார் என்று பெயரெடுத்த ஒரு காரை வாங்கினான். அது இன்னும் ஓடுகிறது. மூன்று கால் நாய் ஒன்றை வளர்த்தான். அது தெருவில் இருந்த மற்ற நாய்களையெல்லாம் வழியனுப்பிவிட்டுத்தான் செத்தது. அவன் மனைவி ஷெரி விவாகரத்து வாங்கிய நாளில் என்னிடம் சொன்னாள்: "யாருக்கும் வேண்டாததைத்தான் தேடிப் புடிப்பான், பெர்னி. என்னையும் அப்படித்தான் புடிச்சிருக்கான்னு ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சுது." நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். டுவேன் மட்டும், "அதுல தப்பு என்ன, என் கணக்கு சரியாத்தானே இருந்துச்சு" என்றான்.

இந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சீட்டுகள் வெளிவருமுன் படத்தை மட்டும் காட்டுவார்கள். யாரும் இன்னும் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் ஆடுகிற அத்தனை பேரும் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போட்டு, காரணமும் எழுதிவைப்பார்கள். பெண் பார்க்காமலே ஜாதகத்தை வைத்துப் பொருத்தம் சொல்கிற மாதிரி. பிறகு கொஞ்ச காலம் கழித்து, யார் யார் எங்கே உளறினார்கள் என்று தோண்டியெடுத்துச் சிரிப்பதும் வழக்கம்.

இப்படி நட்சத்திரம் போடுவதில் பெரிய ஆள் ஒருவன் இருந்தான். சார்ஜண்ட் வாஃபிள் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தான். நாற்பது வயதுக்காரன் தனக்குத்தானே வைத்துக்கொள்கிற பெயரா இது? ஆனால் அவன் வாயிலிருந்து விழுவது லட்சக்கணக்கான பேருக்கு வேதவாக்கு. நவம்பரில் புதுச் சீட்டுகளின் படங்கள் வந்தபோது ஹீட்டர் அறைத் தொலைக்காட்சியில் அவனைத்தான் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அடுத்தது சாம்பல்காரி. ஒவ்வொரு தடவையும் நம்ம கையில இடது கோடியில இருக்கிற கார்டைக் கொளுத்திடுவா. அந்தக் கார்டோட விலை எவ்வளவோ, அவ்வளவு பலம் அவளுக்கு ஏறும். ஏங்க, சொந்த வீட்டுக்குத் தீ வெச்சுக் குளிர் காயறதா? ஒரு ஸ்டார். அதுவும் படம் வரைஞ்ச புண்ணியவானுக்காக."

அறை முழுக்கச் சிரிப்பு. டுவேன் சிரிக்கவில்லை. மறுநாள் பார்த்தால், இணையத்தில் எல்லாரும் படிக்கிற பொது இடத்தில், தன் சொந்தப் பெயரில், சாம்பல்காரிக்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறான். காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'பொறுத்திருந்து பாருங்கள்' என்று மட்டும்.

"டேய், உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா?" என்றேன்.

பன்னைக் கடித்துக்கொண்டே கேட்டான்: "புதுசா எடுக்கிற கார்டு கையில எந்தப் பக்கம் வந்து ஒட்டுது, பெர்னி?"

"வலது பக்கம்."

"அப்போ இடது கோடியில இருக்கிறது?"

"முதல்லேருந்து கிடக்கிறது."

"ஏன் கிடக்குது?"

"விலை ஜாஸ்தி. போட முடியலை, அதனால கிடக்குது."

"அவ்வளவுதான் விஷயம். அவ கொளுத்துறது உனக்கு உதவாத கார்டை. உதவாத கார்டுதான் இருக்கிறதிலேயே விலை கூடினது. சீட்டுக்கட்டுல யானை மாதிரி விலை கூடின கார்டு நாலஞ்சைச் சேர்த்துக்கோ. எறக்கவே எறக்காதே. அதுங்க பாட்டுக்கு இடது பக்கம் போய்ப் படுத்துக்கட்டும். இவ ஒவ்வொண்ணாத் தின்னுட்டு வளருவா. எதிராளி, ஐயையோ பாவம் பெரிய கார்டு போச்சேன்னு சிரிச்சுட்டு இருப்பான். சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள கோட்டை காலி."

இத்தனை பேர் கண்ணிலும் படாதது இவன் கண்ணில் பட்டிருக்கிறது. அந்தச் சீட்டில் எழுதியிருந்த 'இடது' என்ற ஒரு சொல்லை அவன் மட்டும்தான் படித்திருக்கிறான்.

அந்த வருஷம் இதற்கு மேலே இன்னொன்றும் இருந்தது. மார்ச் மாதம் கொலம்பஸில் இறுதிப் போட்டி. அதில் முதல் எட்டுப் பேரை விளையாட்டுக் கம்பெனி வேலைக்குக் கூப்பிடப்போவதாக அறிவித்திருந்தார்கள். என்ன வேலை? புதுச் சீட்டுகளை வெளிவிடுமுன் பார்த்து, எது தேறும், எது தேறாது, எது ஆட்டத்தையே கெடுத்துவிடும் என்று சொல்லுகிற வேலை. உலகத்தில் டுவேனுக்கென்றே செய்த வேலை ஒன்று உண்டென்றால் அதுதான். நாற்பத்தேழு வயதில், முதுகு போய், ஒரு காது லாரிச் சத்தத்தில் பாதி செவிடாகி, அப்படி ஒரு வேலை இருக்கிறதென்று அவனுக்குத் தெரியவந்தது. அந்த அறிவிப்பை அவன் என்னிடம் காட்டினான். "நான் ஏதாவது ஒண்ணுக்குப் பொறந்திருந்தா இதுக்குத்தான் பொறந்திருக்கணும், பெர்னி" என்றான். அவன் அப்படியெல்லாம் பேசுகிறவன் இல்லை.

ஜனவரியில் எங்கள் வட்டாரத்துத் தகுதிச் சுற்று. அதில் ஜெயித்தான். சாம்பல்காரியை வைத்துத்தான் ஜெயித்தான். தோற்றவர்கள் அத்தனை பேரும், குருட்டு அதிர்ஷ்டம், கிறுக்கன் கண்டதையும் ஆடினான், நமக்கு நேரம் சரியில்லை என்று திட்டிவிட்டுப் போனார்கள். அது அவனுக்கு ரொம்ப வசதி. ஏனென்றால் இந்த விளையாட்டில் நல்ல சீட்டுக்கு ஆயுசு, நாலு பேர் கண்ணில் படும் வரைதான். பட்டால் எல்லாரும் அதையே ஆடுவார்கள். எல்லாரும் ஆடினால் கம்பெனிக்காரன் அதன் பல்லைப் பிடுங்கிவிடுவான். இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். டுவேனுக்குத் தெரியாதா? மார்ச் வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். வேறொன்றும் செய்ய வேண்டாம்.

பிப்ரவரி முதல் வாரம் வாஃபிள் தன் சிரிப்புக் கச்சேரியை வைத்தான். யார் யார் எப்படி உளறினார்கள் என்ற தோண்டல். வெளியே பனி இல்லாத நாள். ஹீட்டர் அறையில் எல்லாரும் இருந்தோம்.

"இப்போ வருது பாருங்க, இந்த வருஷத்து மகுடம்! டுவேன் குபியாக்னு ஒரு மகான். சாம்பல்காரிக்கு அஞ்சு ஸ்டார்! 'பொறுத்திருந்து பாருங்கள்' அப்படிங்கிறார். பொறுத்துட்டோம் ஐயா. கார்டு வெளிவந்து ரெண்டு மாசம் ஆச்சு. அவளை எவனாவது தொட்டானா? ஐயா, நீங்க எந்த ஊரு? அங்க தண்ணியில என்ன கலக்குறாங்க?"

கொட்டகை அதிர்ந்தது. எங்கள் ஆட்கள் கெட்டவர்கள் இல்லை. பக்கத்தில் இருக்கிறவன் பெயர் தொலைக்காட்சியில் வந்தால் சிரிக்கத்தான் செய்வார்கள். ஒருத்தன் டுவேனுக்கு ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினான். டுவேன் அதை வாங்கிக் குடித்தான். அவன் காதுமடல் சிவந்திருந்தது.

அவனை வெளியே இழுத்துக்கொண்டு போனேன். "டேய், ஒண்ணும் பண்ணாதே. மார்ச்ல நீ எட்டுக்குள்ள வந்து நிக்கும்போது அவன் மூஞ்சியை நீயே பார்க்கலாம். அது வரைக்கும் கல்லு மாதிரி இரு. என் மேல சத்தியமா."

"நான் என்ன பண்ணப்போறேன்" என்றான்.

அன்று சாயங்காலமே அதே பொது இடத்தில் எழுதிப் போட்டுவிட்டான். இடது கோடி, யானைகள், சீட்டுக்கட்டில் உள்ள ஒவ்வொரு சீட்டும், ஜெயித்த ஆட்டங்களின் பதிவு, எல்லாவற்றையும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது தன்னைப் பாம்பு பார்க்கிறதென்று தெரியாது. இவனுக்குத் தெரியும்.

"ஏண்டா?" என்று கேட்டேன். கத்தினேன் என்றே சொல்ல வேண்டும்.

"வாழ்நாள் பூரா, கிறுக்கன் கிறுக்கன்னாங்க. ஒவ்வொரு தடவையும் நான் சரியாத்தான் இருந்தேன். ஆனா கையில காட்ட ஒண்ணும் இருந்ததில்ல. இந்தத் தடவை இருந்துச்சு, பெர்னி. என்னால முடியலை."

எனக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

அவன் எழுதியதை முதலில் சொற்பம் பேர்தான் படித்தார்கள். வாஃபிள் படித்தான். மூன்றாம் நாள் அவன் அந்தச் சீட்டுக்கட்டை அப்படியே எடுத்துத் தன் நிகழ்ச்சியில் ஆடினான். தொடர்ந்து ஜெயித்தான். "எங்கேயோ ஒரு மூலையில ஒருத்தர் எழுதியிருந்ததைப் பார்த்து ஒரு ஐடியா வந்துச்சு" என்று மட்டும் சொன்னான். அடுத்த வாரம் அந்தக் கட்டுக்கு 'வாஃபிள் சாம்பல்' என்று பெயர். கொட்டகையில் எங்கள் ஆட்களே அந்தப் பெயரைத்தான் சொன்னார்கள். தண்ணீர் நீட்டியவனும் சொன்னான். பக்கத்தில் டுவேன் உட்கார்ந்து பூட்ஸுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

எந்த ஆட்டத்தைத் திறந்தாலும் சாம்பல்காரி நின்றாள். ஜனங்கள் புலம்ப ஆரம்பித்தார்கள். போட்டிக்கு நாலு நாள் இருக்கையில் கம்பெனி அறிவிப்பு விட்டது: ஆட்டத்தின் சமநிலை கருதி ஒரு சீட்டு மாற்றப்படுகிறது. மாற்றம் ஒரே ஒரு சொல்தான். 'இடது' இருந்த இடத்தில் 'வலது'. இனி அவள் கொளுத்துவது புதிதாக வந்த சீட்டை. அடுத்த முறைக்கென்று நம்பி வைத்திருப்பதை. யானைகள் இடது பக்கம் படுத்தபடியே கிடக்கும், கடைசி வரை.

டுவேன் அதைப் படித்துவிட்டு ஃபோனை என்னிடம் கொடுத்தான். "இப்ப நிஜமாவே ஒரு ஸ்டார்தான்" என்றான்.

போகவேண்டாம் என்றேன். போகலாம் என்றான். அந்த அசிங்கமான காரில் கொலம்பஸ் போனோம், நான்தான் ஓட்டினேன். மண்டபம் நிறைய அவனைவிடப் பாதி வயதுக்காரர்கள். அவன் எல்லாரும் ஆடுகிற சாதாரணக் கட்டு ஒன்றை நாலு நாளில் பழகிக்கொண்டு வந்திருந்தான். அவன் வேகமான ஆட்டக்காரனே இல்லை. அவன் சீட்டுக்கு மதிப்புப் போடுகிறவன். முதல் ஆட்டம் தோற்றான். இரண்டாவதையும் தோற்றான். இரண்டு தோற்றால் வெளியே. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது.

அவனைத் தோற்கடித்தவள் டொலீடோக்காரி, நல்ல மனசுக்காரிதான். எழுந்து வந்து கை கொடுத்தாள்.

"மனசு விட்டுடாதீங்க சார். போட்டி போன வாரம் நடந்திருந்தா நானும் முதல் ரெண்டு ஆட்டத்துலேயே வீட்டுக்குத்தான். அந்த வாஃபிள் சாம்பல் இருந்துச்சே, அப்பப்பா! அதை எப்படித்தான் கண்டுபுடிச்சானோ மனுஷன். மூளைன்னா அது மூளை, இல்ல?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. வாயைத் திறந்தேன். டுவேன் என் முழங்கையைப் பிடித்தான்.

"ஆமாம்மா, நல்ல மூளைதான்" என்றான் அவளிடம். "நீங்க நல்லா ஆடினீங்க. எட்டுக்குள்ள வந்துடுவீங்க."

மேடையில் வாஃபிள் ஒலிவாங்கியோடு நின்று ஆட்டத்தை விவரித்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் நாங்கள் பார்க்கவில்லை. காருக்கு நடந்தோம்.

மான்ஸ்ஃபீல்டைத் தாண்டினோம். பிறகு நான்தான் ஆரம்பித்தேன். கம்பெனிக்காரனைத் திட்டினேன். போட்டிக்கு நாலு நாள் முன்னால் மாற்றுகிறவன் மனுஷனா என்றேன். ஒரு சொல்லை மாற்றி ஒருத்தன் பிழைப்பை அறுத்துவிட்டான், அவன் நாசமாய்ப் போக என்றேன்.

டுவேன் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல பெர்னி, அவங்க பண்ணினது சரி. அவளை அப்படியே விட்டிருந்தா ஆட்டம் செத்திருக்கும். விலையை ஏத்தியிருக்கலாம், பலத்தைக் குறைச்சிருக்கலாம். ரெண்டுமே பத்தாது, கொஞ்ச நாள்ல நான் வேற வழி கண்டுபுடிச்சிருப்பேன். கைவைக்க வேண்டிய இடம் அந்த ஒரு சொல்லுதான். அதை எவனோ சரியாப் பார்த்திருக்கான்."

பிறகு சொன்னான்: "அந்த நாற்காலியில நான் உக்காந்திருந்தாலும் அதைத்தான் மாத்தியிருப்பேன்."

அதற்கப்புறம் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. நான் வண்டியை நிறுத்தவில்லை. ஏரி நெருங்க நெருங்கப் பனி விழ ஆரம்பித்தது. கொட்டகையிலிருந்து இருவர் ஃபோனும் ஒன்றாக அடித்தன, வேலைக்கு வரச் சொல்லி.