தண்ணீர் ஊற்றாத கார்

"ஏளா, தண்ணி ஊத்தாமக் கழுவுனா அது கழுவுனதா? பள்ளிக்கூடம் போற பிள்ளைதான நீ, சொல்லேன் பாப்போம்."

எதிர்வீட்டுப் பெரியம்மா என்னிடம் இப்படிக் கேட்டபோது எனக்கு ஒன்பது வயது இருக்கும். அவள் இடுப்பில் நிறைகுடம் இருந்தது. அவளுக்குப் பின்னால் பாதித் தெரு நின்றது. மறுநாள் என் அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, ஓட்டப்பிடாரத்தில் மாப்பிள்ளை வீட்டில் வைத்துக் கல்யாணம். அவளை ஏற்றிக்கொண்டு போக வேண்டிய எங்கள் கார், அன்றுதான் ஒரு செத்த பிள்ளையைச் சுமந்துவிட்டு வந்திருந்தது.

அப்பா வாடகைக்கு ஓட்டிய கார் அது. கருநீல நிறம், ஏற்கனவே வேறொருவர் ஓட்டித் தள்ளியது. முத்தையாபுரத்தில் கருநீலக் கார் வைத்திருப்பவன் படும் பாடு தனி. துறைமுகப் பக்கமிருந்து காற்று திரும்பினால் காலையில் நிலக்கரித் தூள் மெல்லிய கறுப்புப் போர்வையாக வண்டிமேல் படிந்திருக்கும். அதைக் கழுவலாமென்று போர்வெல் உப்புத் தண்ணீரை ஊற்றினால், காய்ந்ததும் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். வண்டிக்கு அம்மை போட்டதுபோல் இருக்கும். குழாயில் வரும் நல்ல தண்ணீரோ குடிக்கவும் சமைக்கவுமே காணாது.

இதற்கு அப்பா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். டவுனில் கார் சாமான் விற்கும் கடையில் ஒரு பாட்டில் வாங்கி வந்தார். அரை வாளி நல்ல தண்ணீரில் அதை ஒரு மூடி ஊற்றினால் போதும். அலச வேண்டியதில்லை. மெத்தென்ற துணிகளை அதில் நனைத்து, சொட்டச் சொட்ட வண்டிமேல் வைத்து, ஒரே திசையில் இழுக்க வேண்டும். தூள் துணியோடு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அழுக்கான பக்கத்தை உள்ளே மடித்துச் சுத்தமான பக்கத்தால் அடுத்த இழுப்பு. அழுக்குத் துணி திரும்ப வாளிக்குள் போகக் கூடாது. பின்னாலேயே காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். "தேய்க்காத மக்கா, கீறல் விழும். தடவிக் குடு" என்பார். கூரையில் தொடங்கிக் கீழே இறங்குவது முறை.

பாட்டிலின் மேலிருந்த ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி அப்பாவுக்குப் படித்துக் காட்டியவள் நான். எங்கள் வீட்டில் அதற்குமுன் யாரும் அப்படி எதையும் படித்ததில்லை. அதனால் அந்தக் காரைக் கழுவும் வித்தை முழுவதும் என் படிப்பில்தான் நிற்கிறது என்று எனக்கொரு நினைப்பு இருந்தது.

அன்று காலையில் அப்பா வாழையிலையும் பூவும் எடுக்க டவுனுக்குப் போயிருந்தார். திரும்பி வர மதியம் தாண்டிவிட்டது. இலைக்கட்டை இறக்கிப் போட்டுவிட்டு, அடுப்படி வாசலில் நின்று அம்மாவிடம் தாழ்ந்த குரலில் பேசினார்.

"ஆசுபத்திரி வாசல்ல ஒரு பொம்பள. பிள்ளையத் துணியில சுத்தி வச்சிக்கிட்டு வெயில்ல நிக்கா. ஆட்டோக்காரன் எவனும் ஏத்த மாட்டேங்கான். ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளத்துல வேல பாக்காவளாம். கொண்டு போய் விட்டுட்டு வாரேன்."

அம்மா பெரிதாக ஏதாவது சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். மறுநாள் கல்யாணமல்லவா. அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எங்கன உக்காந்திருந்தா?"

"பின்னால. இடது பக்கம்."

அம்மா தலையை ஆட்டிவிட்டு மறுபடி தேங்காய் துருவத் தொடங்கினாள். இது என்ன கேள்வி என்று எனக்குத் தோன்றியது.

அப்பா வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். காய்ந்த துணிகளோடு நான் பின்னால் போனேன். கூரை, கண்ணாடி, கதவுகள் என்று வழக்கம்போல் இறங்கி வந்தார். கடைசியில் புதிதாக ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, பின் இருக்கையைத் துடைத்தார். இடது பக்கத்தை வெகுநேரம் துடைத்தார். தூங்கும் ஒருவரைத் துடைப்பதுபோல் அவ்வளவு மெதுவாக.

அதற்குள் செய்தி வந்துவிட்டது. எதிர்வீட்டுப் பெரியப்பா ஆஸ்பத்திரி வாசலில் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

"எழவுக்குப் போய்ட்டு வந்த வண்டி. நாளைக்குக் கல்யாணப் பொண்ணு ஏறணும். ரெண்டு குடம் தண்ணி ஊத்துனா கொறஞ்சா போயிருவிய?" என்று தெருவிலிருந்தே தொடங்கினாள் பெரியம்மா.

"கழுவியாச்சு மதினி" என்றார் அப்பா.

"எது, இந்த ஈரத்துணி வச்சித் தொடச்சதா? எங்க வீட்டு டிவியக்கூட நான் இப்பிடித்தான் தொடைக்கேன்."

தெரு சிரித்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. மருதாணிக் கையை விரித்துப் பிடித்தபடி வாசலுக்கு வந்து, "அண்ணே, எனக்காவ ஒரு குடம் ஊத்தேன்" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்ற பயம் அவள் முகத்தில் இருந்தது.

அப்பா அத்தைக்கு எதையும் மறுத்து நான் பார்த்ததில்லை. அன்று மறுத்தார். "உப்புப் படிஞ்சிரும்" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

"நல்ல தண்ணிதாம்யா, இன்னிக்குக் குழாய்ல வந்தது!" என்று பெரியம்மா குடத்தைத் தட்டிக் காட்டினாள்.

அப்போதுதான் நான் முன்னால் போய் நின்றேன். நல்ல தண்ணீரானாலும் வெயிலில் காய்ந்தால் திட்டு விழும் என்றும், பாட்டிலில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்றும், அலசாமலே அழுக்குப் போய்விடும் என்றும் வகுப்பில் ஒப்பிப்பதுபோல் சொன்னேன். அதற்குத்தான் பெரியம்மா அந்தக் கேள்வியைக் கேட்டாள். இரண்டாம் முறை நான் சொல்லத் தொடங்கியதும், "நீ உள்ள போ மக்கா" என்றார் அப்பா. அவர் பக்கம் பேசிய என்னையே அவர் விரட்டியது எனக்குப் பெரிய அவமானமாகப் போயிற்று.

பெரியம்மா விடவில்லை. "நீரு ஊத்தாட்டா நான் ஊத்துதேன்" என்று குடத்தோடு நெருங்கினாள். அப்பா கார் கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். அவரைத் தாண்டி ஊற்ற அவளுக்கும் மனம் வரவில்லை.

அன்று மாலை முழுவதும் சித்தப்பா வேறு கார் தேடி அலைந்தார். பெரிய முகூர்த்த நாள். ஒரு வண்டிகூடக் கிடைக்கவில்லை.

விடிந்ததும் அத்தை பட்டுச்சேலையும் பூவுமாக வாசலில் வந்து நின்றாள். கார் கண்ணாடிபோல் பளபளத்தது. அவள் நிலைப்படியைத் தாண்டவில்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. யாரோ ஆட்டோ பிடிக்கலாம் என்றார்கள். கல்யாணப் பெண் ஆட்டோவிலா என்றார்கள் வேறு சிலர். பெரியம்மா மறுபடியும் குடத்தோடு தயாராக இருந்தாள். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அம்மா வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். தன் கல்யாணப் பட்டைக் கட்டியிருந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் பின்கதவைத் திறந்தாள். இடது பக்கம் ஏறி, சாவகாசமாகச் சேலையை ஒதுக்கி உட்கார்ந்தாள். மடியில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள். பிறகு அத்தையைப் பார்த்தாள்.

"ஏறுளா. நான் உக்காந்திருக்கேம்லா."

அத்தை அம்மாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் கண் நிறைந்தது. மடமடவென்று படியிறங்கி வந்து மறுபக்கமாக ஏறி, அம்மாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். பெரியம்மா குடத்து நீரை முருங்கை மரத்து மூட்டில் ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

அத்தை நேரமாகிவிட்ட பயத்தில்தான் ஏறினாள் என்று நான் நினைத்தேன். ஓட்டப்பிடாரம் போய்ச் சேரும்வரை என் கவலையெல்லாம், ஜன்னலோரத்தை அம்மா பிடித்துக்கொண்டாளே என்பதாகத்தான் இருந்தது.

கல்லூரி முடித்து, கார் ஓட்டப் பழகி, முதன்முதலாக அந்தக் காரை நானே துடைத்த ஒரு நாளில்தான் அம்மா சொன்னாள். எனக்கு விவரம் தெரியாத வயதில் எனக்கொரு தம்பி பிறந்திருக்கிறான். அதே ஆஸ்பத்திரி. பேர் வைப்பதற்குள் போய்விட்டான். அப்போது எங்களுக்குக் கார் இல்லை. வாடகைக் காரில்தான் கொண்டு வந்திருக்கிறார்கள்.

"பிள்ளையோட எறங்குதேன். இன்னும் வாசப்படிகூட ஏறல. அதுக்குள்ள அந்த டிரைவர் வாளி வாங்கி சீட்டுல தண்ணி ஊத்துத சத்தம் கேக்கு. நான் திரும்பிப் பாத்தேன். உங்கப்பாவும் பாத்தாவ. தண்ணி ஓடி வந்து என் கால நனைச்சிட்டு."

என்னோடு சேர்ந்து துடைத்துக்கொண்டிருந்த அம்மா துணியை மடித்து அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

"அவரச் சொல்லிக் குத்தமில்ல. ஊர்ல எல்லாரும் செய்யுததுதான்."

அந்த வாளியை உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தது அத்தை. வாசலில் நின்று பார்த்தவளும் அவள்தான்.

இப்போது அப்பாவுக்குக் கண் சரியில்லை. ஓட்டுவதில்லை. கார் என் பெயரில் இருக்கிறது. செத்த பிள்ளையோடு வண்டி கிடைக்காமல் யாராவது நின்றால், வேலைக்குப் போகாத நாட்களில் என்னைக் கூப்பிடலாம் என்று, ஆஸ்பத்திரி எதிரே டீக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் என் நம்பரைக் கொடுத்து வைத்தேன். "பொம்பளப் பிள்ள, இதுக்கெல்லாம் வண்டி எடுப்பியாம்மா?" என்று கேட்டார். ஆனாலும் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் அழைப்பு வந்தது. போய்விட்டுத் திரும்பியபோது பெரியம்மா தன் வீட்டு வாசலில் நின்றாள். வயதாகிவிட்டது, குடம் தூக்குவதில்லை. காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏளா, யாரு வீட்டுப் பிள்ள?" என்றாள்.

சொன்னேன். "ப்ச்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

நான் அரை வாளி நல்ல தண்ணீர் எடுத்து, ஒரு மூடி ஊற்றி, துணியை நனைத்துக் கூரையிலிருந்து தொடங்கினேன்.