சஹனில் உட்கார்ந்த கடல்பசு

கப்பலில் ஏறும்வரை எனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று காலையிலேயே சொல்லிவிட்டேன். இட்லி வேண்டாம், தலைக்கு எண்ணெய் வேண்டாம், புதுச் செருப்பு கடித்தாலும் பரவாயில்லை. கப்பல் என்றால் தண்ணீரில் போகிற கப்பல் இல்லை. ராமேஸ்வரம் சாலையில் கடலை ஒட்டி அப்போது புதிதாகத் திறந்திருந்த பொழுதுபோக்குப் பூங்காவில், இரும்புக் கால்களுக்கு நடுவே தொங்கிக்கொண்டு முன்னும் பின்னும் வானத்துக்கு ஏறி இறங்குகிற கப்பல். கீழக்கரையில் எங்கள் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேர் அதில் ஏறி வாந்தி எடுத்துவிட்டு வந்திருந்தார்கள். நான் மட்டும் இன்னும் வாந்தி எடுக்கவில்லை. அது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

மாமா எத்தனையோ தடவை கூட்டிப்போகிறேன் என்றார். நான்தான் போகவில்லை. "நான் லீவுல வந்ததும் ஒன்னையக் கூட்டிக்கிட்டுப் போயி, ஒம் பக்கத்துலயே ஒக்காந்து வாரேன்" என்று வாப்பா துபாயிலிருந்து போனில் வாக்குக் கொடுத்திருந்தார். அவர் லீவில் வந்தார். வந்த நாளிலிருந்து கல்யாண வீடு, மய்யித்து விழுந்த துக்க வீடு, சொந்தக்காரர் வீடு என்று யாராவது அவரை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அவர் திரும்பிப் போகிற வாரத்தில்தான் கிளம்ப முடிந்தது. இன்று விட்டால் அடுத்த லீவுதான். அடுத்த லீவுக்குள் நான் கிழவியாகிவிடுவேன் என்று உறுதியாக நம்பினேன்.

துபாயில் வாப்பாவுக்கு ஒரு பெரிய ஹோட்டலில் வேலை. என்ன வேலை என்று கேட்டால், "வாசல்ல நிப்பேன். வார ஆளுகெல்லாம் எனக்குக் கை குடுத்துட்டுத்தான் உள்ள போவாக. வெள்ளக்காரப் புள்ளைகள்லாம் நின்னு போட்டோ எடுக்கும்" என்பார். இதை நான் பள்ளிக்கூடத்தில் சொல்லாத ஆள் கிடையாது. ஹோட்டலிலேயே பெரிய ஆள்தான் வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுப்பார் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். அந்தப் போட்டோக்களில் ஒன்றைக்கூட அவர் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லையே என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

மாமாவின் வேனில் வாப்பா, உம்மா, மாமா, என் அண்ணன், நான் என்று ஐந்து பேரும் போய் இறங்கியபோது மத்தியானம் கழிந்திருந்தது. கப்பலுக்கு நின்ற வரிசை ரேஷன் கடை வரிசையைப் போல வளைந்து கிடந்தது. பொழுது சாய்ந்தால் கடல் காற்று கூடிவிடும், கப்பலை நிறுத்திவிடுவோம் என்று அங்கிருந்த காவலாளி சொன்னார். நான் வரிசையில் நின்ற தலைகளை எண்ணத் தொடங்கினேன். மாமாவுக்கு வயிறு பசித்தது. மாமாவுக்குப் பசித்தால் மற்றவர்களும் சாப்பிட்டாக வேண்டும். "மொதல்ல தின்போம். கூட்டமும் கொறையும்" என்றார். நான் வாப்பாவைப் பார்த்தேன். "இந்தா, சாப்புட்டு ஒடனே போயிருவோம்மா" என்றார் வாப்பா. அந்த 'இந்தா'வை நான் நம்பினேன்.

சாப்பிடுகிற இடத்தைக் கடலுக்கு அடியில் இருப்பதுபோலக் கட்டியிருந்தார்கள். சுவரெல்லாம் நீலம், கூரையிலிருந்து தொங்கும் பிளாஸ்டிக் மீன்கள், மூலைக்கு மூலை சிமெண்டுப் பவளப்பாறை. ஸ்பீக்கரில் அலைச் சத்தம் போட்டிருந்தார்கள். நிஜக் கடல் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் கிடந்தது; அதன் சத்தம் உள்ளே வராதபடி கண்ணாடி போட்டு அடைத்துவிட்டு, இதைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தார்கள். பரிமாறுகிறவர்கள் நெற்றியில் நீச்சல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நடமாடினார்கள். மாமாவுக்குப் பாம்பனில் சொந்தமாகப் படகு உண்டு. அவர் தலையைத் தூக்கி மேலே தொங்கியதை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "ஒண்ணுக்குக்கூட செவுளு வைக்கலையே, எப்படி மூச்சு விடும்?" என்று கவலைப்பட்டார். உம்மாவுக்குக் கவலை வேறு. நீல வெளிச்சத்தில் சோறு வெந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

எனக்கு வட்டமான ஜன்னல் ஒன்று கிடைத்தது. அதில் கப்பலின் முனை மட்டும் ஏறி வந்து தெரிந்து மறைந்தது. ஒவ்வொரு முறை அது தெரிந்தபோதும் யாரோ என் இடத்தில் உட்கார்ந்து கத்தினார்கள்.

பெரிய வட்டத் தட்டு வந்தது. நடுவில் நெய்ச்சோறு, சுற்றிலும் வறுத்த விளமீனும் இறாலும் நண்டும், ஓரத்தில் பிளாஸ்டிக் பாசி. அதைப் பார்த்ததும் எங்கள் ஐந்து பேருக்கும் ஒரே எண்ணம்தான் வந்தது. சஹன்! எங்கள் பக்கத்தில் விருந்தென்றால் இப்படித்தான், ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் கைவைத்துச் சாப்பிடுவோம். உம்மா பிளாஸ்டிக் பாசியைப் பொறுக்கி மேஜை ஓரத்தில் வைத்தாள். பிஸ்மி சொல்லி ஐந்து கைகளும் உள்ளே இறங்கின.

தனித்தனித் தட்டுகளோடு வந்த பரிமாறுகிறவர் அப்படியே நின்றுவிட்டார்.

"சார், இது போட்டோவுக்கு சார். மொதல்ல கடல்பசு வந்து டான்ஸ் ஆடும். போட்டோ எடுப்போம். அதுக்கப்புறம் நாங்க பிரிச்சு வைப்போம்."

"கலைச்சுட்டோமே தம்பி," என்றார் மாமா வாய் நிறையச் சோறோடு. "இப்ப என்ன, வரச் சொல்லுங்க. அதுவும் பாத்துட்டுப் போகட்டும்."

கடல்பசு வந்தது. எங்கள் கடலில் நிஜமாகவே உள்ள பிராணிதான். மீன்காரர்கள் ஆவுளியா என்பார்கள். இது ஆள் உயரத்துக்குச் சாம்பல் நிறத்தில், பஞ்சு அடைத்த மெத்தை எழுந்து நடப்பதுபோல இருந்தது. முகத்தில் ஒரு சிரிப்பைத் தைத்து விட்டிருந்தார்கள். பாட்டுப் போட்டார்கள். அது இடுப்பை ஆட்டியது, துடுப்புக் கையை அசைத்தது. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு அது ஆடி முடித்தால் போதும் என்றிருந்தது.

வாப்பா சிரிக்கவில்லை. ஆட்டத்தையும் அவர் பார்க்கவில்லை. அதன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது அதன் துடுப்பு மேஜை விளிம்பைத் தேடித் தடவியது. உடனே வாப்பா எழுந்தார். சோற்றுக் கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போய், இடது கையைக் கழுத்து மடிப்புக்குள் விட்டு எதையோ நெம்பினார். தேடக்கூட இல்லை. கடல்பசுவின் தலை கையோடு வந்துவிட்டது.

உள்ளே ஒரு ஆள் இருந்தார். மாமா வயதிருக்கும். குளித்துவிட்டுத் துவட்டாதவர்போல முகமெல்லாம் தண்ணீர், உதடு வெளுத்திருந்தது. மாமா நாற்காலியை இழுத்துப் போட, மெத்தை உடம்போடு அதில் சரிந்தார்.

"தண்ணிய மடமடன்னு குடிக்காதீக. வாய நனைச்சு நனைச்சுக் குடிங்க," என்றார் வாப்பா. "வெறும் வயித்துலயா மாட்டுனீக?"

"காலையில இருந்தே கூட்டம்ணே."

"ஏதாச்சும் தின்னுட்டுல்ல மாட்டணும்."

அதற்குள் டை கட்டிய ஒருவர் ஓடி வந்தார். விருந்தாளிகள் முன்னால் தலையைக் கழற்றக் கூடாது, பிள்ளைகள் பயந்துவிடும் என்றார். அண்ணனும் நானும் பயந்த மாதிரித் தெரியவில்லை போலிருக்கிறது. அவர் எங்களைக் கொஞ்சம் ஏமாற்றத்தோடு பார்த்தார். அந்த ஆள் எழப் பார்த்தார். வாப்பா அவர் தோளில் கையை வைத்து அழுத்தினார்.

"கழட்டுனது நான். இவரு எங்க சஹன்ல ஒக்காந்துட்டாரு. சாப்புடாம எந்திரிச்சா எங்களுக்குக் கொறச்சல்."

வாப்பா யாரிடமும் குரல் உயர்த்திப் பேசி நான் பார்த்ததில்லை. அன்றும் உயர்த்தவில்லை. ஆனால் டை கட்டியவர் ஏதோ முனகிக்கொண்டே போய்விட்டார். உம்மா தன் பக்கத்துச் சோற்றை அந்த ஆளின் பக்கம் ஒதுக்கி, பெரிய மீன் துண்டை அதன் மேல் வைத்தாள். துடுப்புக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. மாமா அதைக் கழுவத் தண்ணீர் ஊற்றினார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு வந்தது வினை. சஹனுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. கூட உட்கார்ந்தவர் சாப்பிட்டு முடிக்கும் முன் யாரும் கையை எடுக்கக் கூடாது. ஒருவர் எழுந்தால் பசியோடு இருப்பவரும் கூச்சப்பட்டு எழுந்துவிடுவார் அல்லவா? அந்த ஆளோ நாள் முழுதும் சாப்பிடாதவர். முதலில் தயங்கித் தயங்கி ஒரு கவளம் எடுத்தார். பிறகு நன்றாகவே சாப்பிட்டார். மாமா இன்னும் சோறு கேட்டு வாங்கினார். அண்ணனுக்கு வயிறு நிறைந்துவிட்டது. ஒரு நண்டுக் காலை எடுத்து வைத்துக்கொண்டு முடியாத வேலையைச் செய்வதுபோல நடித்தான். வாப்பா ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஜன்னலில் வெயில் மஞ்சளாகி, சிவப்பாகிக்கொண்டிருந்தது. கப்பல் முனை வந்து வந்து போனது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேஜைக்கு அடியில் வாப்பாவின் காலை உதைத்தேன்.

"வாப்பா, கப்பலு."

"இந்தா போவோம்."

மறுபடியும் உதைத்தேன். அவர் காலை நகர்த்தவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. இவ்வளவு பெரிய ஹோட்டலில் இவ்வளவு பெரிய ஆளாக இருப்பவர், யாரென்றே தெரியாத ஒருவர் மீன் தின்பதைப் பார்த்துக்கொண்டு எதற்காக உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆளின் மேல் அதைவிட ஆத்திரம். அவர் ஒவ்வொரு முள்ளாக எடுத்தபோதும் என் கப்பலிலிருந்து ஒரு பலகையைப் பிடுங்குவதுபோல இருந்தது.

சாப்பாட்டுக்கு நடுவே அவர் வாப்பாவைப் பார்த்து மெல்லக் கேட்டார். "அண்ணனும் இது மாதிரி மாட்டிருக்கீகளா?"

வாப்பா ஒரு நொடி உம்மாவைப் பார்த்தார். உம்மா எனக்கு மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"மீன எடுங்க தம்பி, ஆறுது," என்றார் வாப்பா.

கடைசியில் அந்த ஆள் கையை எடுத்தார். எல்லோரும் ஒருசேரக் கையை எடுத்தோம். வாப்பாவே தலையை மாட்டிவிட்டு, கழுத்துப் பட்டையைச் சரிபார்த்து, கண் துளைகள் நேராக இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்தார். கடல்பசு நெஞ்சில் துடுப்பை வைத்துக் குனிந்தது. பிறகு இடுப்பை ஆட்டிக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனது.

நான் ஓடினேன். கப்பலின் மேல் தார்ப்பாயைப் போர்த்திக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். காற்று அதை அடித்து அடித்து உப்ப வைத்தது. வாப்பா காவலாளியிடம் கெஞ்சிப் பார்த்தார். அவர் கையை விரித்தார். அப்போது நான் அழுத அழுகையை மாமா இன்றைக்கும் கல்யாண வீடுகளில் நடித்துக் காட்டுவார்.

திரும்பும்போது அந்தித் தொழுகைக்கு மஃரிபு பாங்கு சொல்லிவிட்டார்கள். வேனில் வாப்பா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன். வெகுநேரம் போன பிறகு, கோபம் ஆறாவிட்டாலும் வாய் சும்மா இருக்க முடியாமல் கேட்டேன்.

"ஒங்க ஹோட்டல்ல இந்த மாதிரி கடல்பசு இருக்கா?"

"கடல்பசு இல்லம்மா. ஒட்டகம் இருக்கு."

"எங்கன நிக்கும்?"

"வாசல்ல."

"ஒங்க பக்கத்துலயா?"

வாப்பா கொஞ்சம் யோசித்தார். "ஆமா. கிட்டத்தான்."

"நல்லா ஆடுமா?"

"நல்லாத்தான் ஆடும். வெயிலு கூடுனா கொஞ்சம் மெதுவா ஆடும்."

"நான் அங்கன வந்தா அது வாலப் புடிச்சு இழுப்பேன்."

வாப்பாவின் வயிறு என் முதுகில் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன். அவர் கைகள் என்னைச் சுற்றி இறுகின. கப்பல் கிடைக்காமல் போனதற்குச் சமாதானம் செய்கிறார் என்று நினைத்து, நான் இன்னும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டேன்.

"இழு," என்றார் என் தலைமேல் முகத்தை வைத்துக்கொண்டு. "நீ இழுத்தா அது ஒண்ணும் சொல்லாது."

ஊருக்குப் போனதும் எல்லோரிடமும் சொல்ல வேண்டும், துபாயில் வாப்பாவிடம் ஒரு ஒட்டகம் இருக்கிறது, அது அவர் சொன்னபடி கேட்கும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனேன். அந்த ஒட்டகத்தின் மடியில்தான் தூங்குகிறேன் என்று எனக்கு அப்போது தெரியாது.