தாழ்ப்பாளுக்கு வந்த டிரில்

எங்கள் வீட்டில் இருந்த மூன்று ஆண்களும் துளை போடுகிறவர்கள். மாமனார் ஆயுசெல்லாம் போட்டு ஓய்ந்தவர். என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் அப்போது சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி, பூமிக்கடியில் எத்தனையோ லெவல் தாண்டிப் போய், கல்லில் ஆளுயரத்துக்குத் துளை போட்டுவிட்டு வருவார்கள். அப்படிப்பட்ட வீட்டில் குளிக்கிற இடத்துக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வைக்க, நாலு ஓட்டை போட ஆள் இல்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் பேத்தமங்களாவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அங்கே எங்களுக்கு ஏரி இருந்தது. பெண்கள் குளிக்கிற பக்கம் ஆண்கள் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அந்தத் தண்ணீர்தான் குழாயில் ஏறித் தங்கவயலுக்கு வருகிறது, நீ எங்கே போனாலும் உன் ஊர்த் தண்ணீரில்தான் குளிக்கப் போகிறாய் என்று பெண் பார்க்க வந்தபோது பெருமையாகச் சொன்னார்கள். தண்ணீர் என்னவோ வந்தது. மறைவாகக் குளிக்க ஓர் இடம் உண்டா என்று எங்கள் வீட்டில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கம்பெனி கொடுத்த லைன் வீட்டில் ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும்தான். குளிக்கிற இடத்தைப் பின்பக்கம் சாக்கடையை ஒட்டி அவரவரே தகரம் நிறுத்தி மறைத்துக்கொண்டார்கள். எங்கள் மறைப்புக்குக் கதவுகூட இருந்தது. சுரங்கத்துக்குள் முட்டுக்கொடுக்கிற மரத்தில் கழித்துப்போட்டதை எடுத்துச் சட்டம் செய்து, எண்ணெய் டின்னைத் தட்டி விரித்து அதில் அறைந்திருந்தார்கள். உள்ளே சாத்திக்கொள்ள ஒரு கயிற்றுத் துண்டு, அதை மாட்ட ஓர் ஆணி. உள்ளே ஆள் இருப்பதற்கு அடையாளமாகப் புடவையைக் கதவின்மேல் போடுவது லைனில் எல்லா வீட்டுப் பெண்களுக்கும் வழக்கம். காற்றடித்தால் புடவை பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டின்மேல் கிடக்கும்.

மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். நான் ஒருத்திதான் பெண். அண்ணன் காலையில் இறங்கினால் தம்பி ராத்திரியில் இறங்குவான், அடுத்த வாரம் ஷிப்ட் மாறும். மாமனாரோ எந்நேரமும் இருமிக்கொண்டு வீட்டில். ஆண்கள் இல்லாத நேரம் என்று ஒன்று அங்கே கிடையாது.

ஒரு நாள் கொழுந்தன் ஷிப்ட் முடிந்து உடம்பெல்லாம் சேறும் எண்ணெயுமாக வந்தவன், தூக்கக் கலக்கத்தில் கதவைத் தள்ளினான். ஆணி பிடுங்கிக்கொண்டது. கையிலிருந்த சொம்பை அவன்மேல் விட்டெறிந்தேன். அவன் அலறி ஓடி, லைன் முனையில் போய் உட்கார்ந்தவன் சோற்றுக்குக்கூட வரவில்லை. லைனே போய் அவனைத் தேற்றியது. "பாவம், புள்ள பயந்துட்சி" என்று என்னிடமே வந்து சொன்னார்கள். அவன் கெட்டவன் இல்லை, வேண்டுமென்று செய்யவும் இல்லை, எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் ஈரப் புடவையைச் சுற்றிக்கொண்டு அடுப்படி மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தவளிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டவர்கள் யாராவது உண்டா? அதற்குப் பிறகு நான் புடவையோடே, கதவில் முதுகைக் கொடுத்துக்கொண்டு, அவசர அவசரமாக நாலு சொம்பு ஊற்றிக்கொண்டு வந்துவிடுவேன். முதுகில் சோப்புப் போட்டே மாதக்கணக்காயிற்று.

தாழ்ப்பாள் வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். முதலில் ஆணியால் ஆகிவிடும் என்றார். அந்த மரம் மலையையே தாங்குகிற மரம், ஆணி வளைந்தது. ஓங்கி அடித்தார், சட்டத்தில் விரிசல் விட்டது.

"ஓட்டை போட்டு ஸ்குரூ ஏத்தணும்மே. அதுக்குச் சின்ன டிரில் வேணும்" என்றார்.

"நீங்க டிரில்லருதானே?"

"அது வேற டிரில்லு. அதை இங்க தூக்கியாந்தா வூடே வுழுந்துடும்."

சுரங்கம் சர்க்கார் கைக்கு மாறி, வெள்ளைக்கார அதிகாரிகள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. பங்களாக்களில் சாமான்களை ஏலம் விடுவார்கள். லைனே திரண்டு போய் வேடிக்கை பார்க்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிப் போனவர் ஒரு கை டிரில்லோடு வந்தார். தாழ்ப்பாளும் ஸ்குரூவும் முன்பே வாங்கி அரிசிப் பானைக்குப் பக்கத்தில் கிடந்தன.

டிரில்லைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போனது. முழங்கை நீளம்கூட இல்லை. ஒரு மரப்பிடி, பக்கவாட்டில் பல்வைத்த சக்கரம், அதைச் சுற்ற ஒரு குமிழ், முனையில் துளைக்கிற பிட்டு, விரல் நீளத்துக்கு. கரண்ட் வேண்டாம், ஒயர் வேண்டாம், சுரங்கத்தில்போலக் காற்றுக் குழாய் வேண்டாம். ஒரு கையால் பிடித்து ஒரு கையால் சுற்றினால் போதும். இந்தா வந்துவிட்டது, சாயங்காலம் நிம்மதியாகக் குளிக்கலாம் என்று குழாயடியில் நின்று ஒரு வாளித் தண்ணீர் பிடித்துக் கதவோரம் வைத்தேன்.

ஆனால் டிரில் பரீட்சை ஆகாமல் வேலைக்குப் போகுமா? அவர்கள் சுரங்கத்து ஆட்கள். எந்த மிஷினும் நல்லதா கெட்டதா என்பதைக் கல்தான் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் டிரில்லை எடுத்துக்கொண்டு நேராகப் போனது கதவுக்கு இல்லை, வாசற்படிக் கல்லுக்கு. துளை போடுகிறவன் ஹெல்பர் இல்லாமல் மிஷினைத் தொடமாட்டான் என்பதால், தூங்கிக்கொண்டிருந்த தம்பியை எழுப்பி ஹெல்பர் ஆக்கினார். தம்பி பிடித்துக்கொள்ள, இவர் காலை அகட்டி வைத்து, உடம்பு கனத்தையெல்லாம் குழந்தை மாதிரி இருந்த அந்த டிரில்லின் மேல் இறக்கிச் சுற்றினார். கல்லில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. பிட்டு மழுங்கியது.

"நைனா, ஒண்ணும் ஏறலை" என்று உள்ளே இருந்த அப்பாவுக்குக் குரல் கொடுத்தார்.

"கல்லு வேணாங்க, கதவுல போடுங்க" என்று நான் சொன்னது ஒருவர் காதிலும் விழவில்லை.

அதற்குள் மாமனார் எழுந்து வந்துவிட்டார். மகன்கள் தப்பாகப் போடுகிறார்கள் என்றார். பின்பக்கம் வந்து கதவுச் சட்டத்தை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். துளை போடுமுன் பாறை உறுதியா, பிய்ந்து விழுமா என்று அப்படித்தான் பார்ப்பார்களாம். தகரக் கதவு என்ன பதில் சொல்லியதோ, தலையை ஆட்டினார். கரித்துண்டால் புள்ளி வைத்தார். பெரிய மகனைப் பிடிக்கச் சொல்லி, சின்னவனைச் சுற்றச் சொல்லி, நான் ஆசையாகப் பிடித்து வைத்திருந்த வாளியிலிருந்து ஒரு சொம்பு மொண்டு, பிட்டு மரத்தைத் தொடுகிற இடத்தில் ஊற்ற ஆரம்பித்தார்.

மரத்தில் தண்ணீர். வீட்டில் விறகு நனைந்தால் என்னைத் திட்டுகிற மனிதர் செய்த காரியம் இது. மரம் ஊறி, பிட்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. சுற்றினால் அசையவில்லை. இன்னும் ஊற்றினார். மூன்று பேரும் சேர்ந்து அதைப் பிடுங்கி எடுப்பதற்குள் பாதி வாளி போய்விட்டது. குழாயும் அதற்குள் நின்றுவிட்டது.

பிறகு மூவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டிரில்லைக் கைமாற்றிக் கைமாற்றித் தீர்ப்புச் சொன்னார்கள்.

"கனம் பத்தாது" என்றார் வீட்டுக்காரர்.

"தண்ணி போறதுக்கு உள்ள வழியே இல்ல" என்றார் மாமனார். சுரங்கத்து மிஷினில் உள்ளேயே தண்ணீர் ஓடுமாம்.

"பொம்ம சாமான் இது. வேலைக்கு ஆவாது" என்றான் கொழுந்தன். என் மானம் போகக் காரணமாக இருந்தவன் அவன். அவன் சொல்கிறான், வேலைக்கு ஆகாதாம்.

சுரங்கத்துத் தச்சரை ஒரு நாள் அழைத்து வந்து பார்க்கலாம் என்று முடிவாயிற்று. எந்த நாள் என்று யாரும் சொல்லவில்லை. எனக்குக் கோபத்தில் கண் மண் தெரியவில்லை. அதுவரை மாமனார் எதிரில் குரல் உயர்த்தியது இல்லை.

"இன்னா ஆவாது? ஒரு பொம்பள கதவ சாத்திக்கினு குளிக்கறதுக்கு நாலு ஓட்ட கேட்டா, வாசப்படியில கோலாரு மைன்ஸே தோண்டிக்கினு கீறீங்க. ஆவாதது டிரில்லு இல்ல" என்றேன்.

நான் டிரில்லை வாங்கிக்கொண்டேன். துடைக்கும்போது பிடியின் அடியில் ஒரு மூடி கையில் சுழன்றது. திறந்தால் உள்ளே சின்னதும் பெரிதுமாக வேறு பிட்டுகள். இவ்வளவு நேரம் கனம் பார்த்தார்கள், வழி பார்த்தார்கள், மூடியைத் திறந்து பார்க்கவில்லை. நல்லதாக ஒன்றை மாட்டினேன். சட்டத்தில் நனையாத பக்கமாகப் பார்த்து முனையை வைத்து, அழுத்தாமல் மெதுவாகச் சுற்றினேன். பிட்டு மரத்துக்குள் இறங்கியது. சுருள் சுருளாகத் தூள் கையில் உதிர்ந்தது. வாயால் ஊதி ஊதிச் சுற்றினேன்.

பின்னால் மாமனார் மறுபடியும் சொம்போடு வந்து நின்றார்.

"தண்ணி ஊத்தாம போடாதம்மா" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இன்னா மாமா நீங்க? மரம் ஊறிடும்னு இப்பதானே பாத்தோம். வெறும் மரத்தூளுதான், ஒண்ணும் பண்ணாது" என்று சீறினேன்.

"எங்களுக்கும் இப்டிதாம்மா சொன்னாங்க" என்றார் அவர். "அப்பல்லாம் தண்ணி கெடையாது. காஞ்ச கல்லுல போடுவோம், மூஞ்சி தெரியாது, அவ்ளோ தூளு. வெறும் கல்லுத்தூளு, தொடச்சிக்கினா பூடும்னு தொர சொன்னான். தொடச்சிக்கினுதான் இருந்தோம். கூட எறங்கனவனுங்க ஒருத்தன் இல்ல இப்ப."

அவருடைய நெஞ்சு அப்படி இருமி இருமிக் கெட்டதற்கு பீடிதான் காரணம் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். நானும் நம்பி, அந்தப் பீடிக்காக எத்தனை நாள் முகத்தைச் சுளித்திருக்கிறேன். அவர் பீடி குடித்ததையே நான் பார்த்தது இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாளியில் நனைத்துப் பிழிந்து நீட்டினார். "மூக்குல கட்டிக்கினு போடு" என்றார். கட்டிக்கொண்டேன். மிச்ச ஓட்டைகளையும் போட்டு முடிக்கும்வரை அவர் பக்கத்தை விட்டு நகரவில்லை. நான் ஊதப்போகும்போதெல்லாம் கையைக் காட்டித் தடுத்து, தூளைத் தானே ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார். வீட்டுக்காரர் திருப்புளி கொண்டுவந்து ஸ்குரூவை முடுக்கினார். அந்தச் சின்ன டிரில்லை யாராவது கேட்டால் நான் சொல்லுவேன்: மரத்துக்கு, தகரத்துக்கு, வீட்டு வேலைக்கு அதைவிட நல்ல சாமான் இல்லை. கல்லில் மட்டும் வைக்காதீர்கள்.

சாயங்காலம் மிச்சமிருந்த அரை வாளித் தண்ணீரோடு உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. புடவையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். சொம்பைக் கையில் எடுத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்த வீட்டுக்கு வந்து நான் விழுங்கி வைத்திருந்த அழுகை கொஞ்சமா? அதையெல்லாம் ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு ஆசைதீர அழவேண்டும் என்றுதானே இருந்தேன். கதவும் கிடைத்தது, தாழ்ப்பாளும் கிடைத்தது. அன்று வந்த அழுகை மட்டும் எனக்கானதாக இல்லை. வெறும் தூள் என்று சொல்லி மாமனாரைச் சுரங்கத்தில் இறக்கிவிட்டவன், எந்தப் பங்களாவில், எத்தனை தாழ்ப்பாள் போட்ட அறையில் நிதானமாகக் குளித்தானோ தெரியாது. என் முதல் குளியலையும் அவன்தான் கெடுத்தான்.