காக்கைக்கு வைத்த பரீட்சை

இன்று காலை எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுவில் ஓர் அறிவிப்பு. மொட்டைமாடியில் காக்கைக்குச் சோறு வைக்கக் கூடாதாம், சோலார் பேனல் அசிங்கமாகிறதாம். படித்துக்கொண்டிருக்கும்போதே கீழ்வீட்டில் யாரோ உளுந்து வடை போடும் வாசனை. ஓ, அமாவாசை! நியாயமாக எனக்குப் பசித்திருக்க வேண்டும். பசிக்கவில்லை. காரணத்தைச் சொன்னால் உங்களுக்கு என்னைப் பிடிக்காமல் போகலாம், பரவாயில்லை, சொல்கிறேன்.

அப்போது நாங்கள் செம்பாக்கத்தில் இருந்தோம். மழைக்காலத்தில் ஏரிக் காற்றில் துணி காயாது, எல்லாத் துப்பட்டாவிலும் ஒரு பாசி வாடை. எங்கள் மாடிக்கும் நித்யா வீட்டு மாடிக்கும் நடுவே இடுப்புயரச் சுவர் ஒன்றுதான். இருவரும் தாம்பரத்தில் கல்லூரிக்குப் போனோம். நான் இயற்பியல், அவள் வணிகவியல். என் அப்பா அம்மா இருவரும் ஆசிரியர்கள், ஞாயிறு தவறாமல் சர்ச். நானோ பத்தொன்பது வயதில் ஆத்மா இல்லை என்று கண்டுபிடித்திருந்தேன். கண்டுபிடித்ததை யாரிடமாவது நிரூபிக்காமல் எனக்குத் தூக்கம் வராது. அப்பாவிடம் ஆரம்பித்தால், "ஜெபம் பண்ணிட்டுப் படு" என்று விளக்கை அணைத்துவிடுவார். ஆகவே நித்யா மாட்டினாள்.

அதற்கு முந்தைய வருடம்தான் அவள் அப்பா இறந்திருந்தார். அன்று காலை வீட்டில் ஏதோ சண்டை. தட்டைத் தள்ளிவிட்டுக் கிளம்பியவர் ரயிலடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். சாப்பிடாமல் போய்விட்டாரே என்பதுதான் ஆன்ட்டிக்கு, அதாவது நித்யாவின் அம்மாவுக்கு, ஆறாத குறை. அமாவாசைதோறும் சமைத்து, மாடியில் இலை போட்டு, காக்கை தொடும்வரை தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். கா, கா என்று கூப்பிடுவார். யாரும் இல்லையென்று நினைத்தால் குரல் தணியும்: "வாங்க. கோவம் வேணாம். ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க." இதைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து என் காதால் கேட்டிருக்கிறேன். தெரிந்தேதான் செய்தேன்.

"அப்பா வர்றாருடீ," என்றாள் நித்யா ஒருநாள். "வெச்ச அஞ்சே நிமிஷம். மொதல்ல வடையைத்தான் எடுக்குது. அப்பாவும் அப்படித்தான்."

"வடை வேணாங்கற ஒரு காக்காவைக் காட்டு, நான் நம்பறேன்."

"பின்ன எதைத்தான்டீ நீ ஆதாரம்னு ஒத்துக்குவ?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். எங்கள் வீட்டில் காக்கைக்கு யாரும் சோறு வைப்பதில்லை. எங்கள் மாடிக்குச் சாப்பிட வருகிற இறந்தவர் யாரும் கிடையாது. அதே சாப்பாட்டை, அதே நேரத்தில், எங்கள் மாடியிலும் ஓர் இலையில் வைப்போம். காக்கை அவர்கள் இலைக்கே போனால் நான் தோற்றேன் என்றேன். நித்யா நகத்தைக் கடித்தாள். "ஒரே ஒரு தடவை. அம்மாவுக்குத் தெரியக் கூடாது."

அவளிடம் நான் சொல்லாதது ஒன்று. காக்கைகளுக்கு எங்கள் மாடி புதிதாக இருந்துவிடக் கூடாதே என்று, அதற்கு முன் ஒரு வாரம் தினமும் காலையில் சோறும் மிக்ஸரும் போட்டு வைத்தேன். 'முன்னேற்பாடு' என்று நோட்டில் எழுதிக்கொண்டேன், பெரிய விஞ்ஞானி மாதிரி.

அமாவாசை வந்தது. ஆன்ட்டி இலை போட்டார். அதே சோறும் வடையும் நித்யா ஒளித்து எடுத்துவந்து எங்கள் மாடி இலையில் வைத்தாள். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று காக்கைகள் வந்தன. மூன்றும் எங்கள் இலைக்கு. நாலே நிமிடத்தில் வடை காலி. அந்தப் பக்கம் இலையில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.

பேசாமல் கீழே போயிருக்கலாம். எழுந்து நின்று கத்தினேன்: "ஆன்ட்டி, அங்கிள் மதம் மாறிட்டாரு போல! எங்க வீட்லதான் சாப்பிடறாரு!"

"வாயை மூடுடீ!" என்றாள் நித்யா.

ஆன்ட்டி திட்டுவார் என்று நினைத்தேன். அவர் எங்கள் இலையைப் பார்த்தார். பிறகு தன் இலையைப் பார்த்தார். "இன்னும் கோவம் போகலை அவருக்கு," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் நிரூபித்தது இதையல்லவே! "இல்ல ஆன்ட்டி, ஒரு தடவை பார்த்து எதையும் முடிவு பண்ண முடியாது. நிறைய தடவை செஞ்சு பார்த்தாத்தான் ஆதாரம்."

"எனக்கு ஒரு புருஷன்தானேம்மா இருந்தாரு," என்றார்.

அன்றும் மறுநாளும் அவர் சாப்பிடவில்லை. நித்யா பேருந்து நிறுத்தத்தில் என்னைத் தெரியாதவள்போல நின்றாள். உண்மையைச் சொல்ல எனக்கு எட்டு நாள் ஆனது. சொன்னால் ஜெயித்தது போய்விடும், அதனால்தான்.

"ஆன்ட்டி, நான் ஏமாத்திட்டேன். ஒரு வாரமா தினம் காக்காவுக்குச் சோறு போட்டேன். அந்தப் பழக்கத்துல வந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல."

அவர் கூர்ந்து கேட்டார். "தினமுமா?"

"தினமும்."

"எத்தனை மணிக்கு?"

"ஏழு மணிக்கு."

"அவரு தட்டைத் தள்ளிட்டுப் போன நேரம்," என்றார். "பாரு, பசி நேரத்துக்குப் போட்டிருக்க. நான் மாசத்துல ஒருநாள், அதுவும் உச்சி வெயில்ல வெச்சுட்டு வாங்கன்னா எப்படி வருவாரு?" என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் கையால சாப்பிடறாரு. நிறுத்திடாதம்மா."

அதன்பின் அவர் இலை போடவே இல்லை. ஆத்மா இல்லையென்று நிரூபிக்கப் போன நான் தினமும் ஏழு மணிக்குத் தட்டோடு மாடியேறினேன். ஆன்ட்டி சுவரோரம் நின்று பார்ப்பார். அப்புறம் முழங்கால் வலி வந்து அவர் மாடியேறுவது நின்றது. எனக்குப் பரீட்சை வந்தது. நானும் நிறுத்திவிட்டேன்.

வீட்டை விற்றுவிட்டு அவர்கள் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் போனார்கள். லாரி கிளம்பும்போது ஆன்ட்டி கேட்டார்: "வர்றாரு இல்ல?"

"வர்றாரு ஆன்ட்டி," என்றேன்.

நித்யா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது அந்த இரண்டு வீடும் இல்லை. சேர்த்து இடித்து ஐந்து மாடி எழுப்பிவிட்டார்கள். நான் சோறு போட்ட உயரத்தில் யாரோ ஒருவருடைய படுக்கையறை ஜன்னல் இருக்கிறது, ஏசி ஓடுவதால் எப்போதும் சாத்தியே கிடக்கிறது.