கணினிக்கு வைத்த பொட்டு

செரண்டாவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் வேலை. அங்கே நான் வாய் ஓயாமல் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, ஓட்டிப் பார், பிறகு அடுத்ததைத் தொடு. இரண்டு திருகை ஒன்றாகத் திருப்பியவர்களை நான் சும்மா விட்டதில்லை. அப்பேர்ப்பட்ட நான், புக்கிட் செந்தோசாவில் என் சொந்த வீட்டில், என் மனைவிக்கு ஒரு நல்ல வேலை கைக்கு எட்டுகிற மாதிரி வந்த வாரத்தில், இரண்டையும் ஒன்றாகத் திருப்பினேன். அது போதாதென்று பழியையும் அவள் தலையில் போட்டேன்.

அவள் கட்டட வரைகலை படித்தவள். படித்ததற்கு வேலை கிடைக்காமல் ஐந்து வருடமாக ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, காலை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கோலா சிலாங்கூரில் வீடுகளுக்கு உள்அலங்காரம் செய்து தரும் ஒரு சின்ன நிறுவனம் அவளுக்குச் சோதனை வேலை ஒன்று கொடுத்தது. ஒரு வீட்டின் கூடமும் சமையலறையும் கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று ஆறு படங்களைக் கணினியில் செய்து, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் வீட்டிலிருந்தே வேலை. அவள் செவ்வாய் முதல் வெள்ளி வரை விடுப்பு எடுத்தாள்.

ஒரு படத்தை முழுமையாக உருவாக்க எங்கள் கணினிக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். "நான் வேகத்தைக் கூட்டித் தர்றேன், பாரு" என்றேன். அவள் கேட்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து, கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய், பிராசசரின் வேகத்தையும் ராம் என்கிற நினைவகத்தின் வேகத்தையும் ஏற்றினேன். ராம் வந்த டப்பாவில் 6000 என்று போட்டிருந்தது. நான் 6400 வைத்தேன். அரை மணி நேரம் சோதனை ஓட்டினேன், தாங்கியது. அந்தத் திரையைப் படம் பிடித்து நண்பர்கள் குழுவில் போட்டேன். "பெரிய ஆளு லா நீ" என்று ஒருவன் எழுதினான். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் ஆயுத பூசை. என் மோட்டார் சைக்கிள், கருவிப்பெட்டி, அவளுடைய கணினி எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தாள். கணினிப் பெட்டிக்கு ஒரு முழம் சாமந்திச் சரமும் போட்டாள். சாம்பிராணி காட்டும்போது அந்தப் பெட்டியின் முன்னால் மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் தொழிற்சாலைக்குப் போன் வந்தது.

"ஏங்க, திரை நீலமாயிருச்சு. ரோசாக் ஆயிடுச்சா, கெட்டுப்போச்சா?"

"நிறுத்தி மறுபடி போடு. சரியாயிரும்."

மறுபடி போட்டாள். ஓடியது, ஒரு மணி நேரத்தில் மறுபடி நின்றது. புதன்கிழமை இன்னும் மோசம். படம் பாதியில் நின்றதோடு, சமையலறையை வரைந்து வைத்திருந்த கோப்பும் கெட்டுப்போய்த் திறக்க மறுத்தது. எனக்கு அந்த வாரம் காலை ஷிப்டு. மூன்றரைக்கு வீடு வந்தபோது, காலையிலிருந்து வரைந்தது எல்லாம் போய், வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெட்டியின் பக்கத்தில் குனிந்தேன். முன்பக்கத்துக் காற்று ஓட்டைகளில் இரண்டு சாமந்தி இதழ்கள் ஒட்டியிருந்தன. எனக்கு அது போதும். பழி போட ஆள் கிடைத்துவிட்டது.

"கம்ப்யூட்டருக்கு எவனாச்சும் பூ போடுவானா? சாம்பிராணிப் புகை பூரா உள்ளே போயிருக்கும். அப்புறம் எப்படி ஓடும்?"

"சாமி கும்பிட்டதுக்கா கெட்டுப்போச்சு?"

"பின்ன என்னா? நான் அரை மணி நேரம் டெஸ்ட் பண்ணியிருக்கேன்!"

நான் பெட்டியைத் திறந்து தூசி தட்டினேன், காற்றாடிகளைத் துடைத்தேன். கரி என்று சொல்ல உள்ளே ஒன்றுமே இல்லை. இருந்தாலும் ஈரத்துணியை எடுத்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பெட்டியின் மேல் இருந்த பொட்டை அழுத்தித் துடைத்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அழுக்கை அல்ல, அவளுடைய நம்பிக்கையைத்தான் துடைக்கிறேன் என்று அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது, ஆனாலும் கை நிற்கவில்லை.

வியாழக்கிழமை கணினி ஒருமுறைகூட நிற்கவில்லை. சமையலறையை மறுபடி வரைந்து, முன்பு முடித்ததோடு சேர்த்து நான்கு படங்கள் வரை வந்துவிட்டாள். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, "பாத்தியா? தொடச்சதும் ஓடுது" என்றேன். அவள் வெளியே காயாமல் கிடந்த துணிகளை எடுத்துவந்து உள்ளே கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டு வந்தேன். மீதி இரண்டு படங்கள். காலையெல்லாம் அவற்றுக்கு வரைந்து முடித்து, அப்போதுதான் ஐந்தாவதை ஓட விட்டிருந்தாள். பன்னிரண்டே முக்காலுக்கு, என் கண் முன்னாலேயே, திரை நீலமானது. இந்த முறை பூவும் இல்லை, புகையும் இல்லை, பொட்டும் இல்லை.

அவள் எழுந்து போய் நாள்காட்டியிலிருந்து கிழித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள். அவளுடைய தொழிற்சாலையில் இயந்திரம் நின்றால் நேரத்தைப் பலகையில் எழுதியாக வேண்டும், அந்தப் பழக்கம். செவ்வாய் 1.40, 2.55. புதன் 2.10. வியாழன் என்று எழுதி, பக்கத்தில் 'மழை' என்று மட்டும் போட்டிருந்தாள்.

"காலையில நிக்கிறதே இல்லைங்க. வெயில் ஏறி இந்த ரூம் சூடாகும்போதுதான் நிக்குது. நேத்து வெயிலே இல்லை."

அந்த அறைக்கு மேற்குச் சுவர். தலைக்கு மேல் தகரக்கூரை. மதியத்துக்கு மேல் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும். நான் சோதனை ஓட்டியது ஞாயிறு காலையில், ஜன்னலைத் திறந்து வைத்து, மேசைக் காற்றாடியையும் திருப்பி வைத்துக்கொண்டு. குளிரில் தாங்கிய வேகம் சூட்டில் தாங்கவில்லை. தொழிற்சாலையில் வேறு யாராவது இதைச் செய்திருந்தால் ஒரு வாரம் அவரை ஓட்டி எடுத்திருப்பேன்.

"எது காரணம்னு கண்டுபிடிக்கிறேன். முதல்ல பிராசசரை மட்டும் இறக்கி..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்குப் படம் முடியணும். உங்களுக்கு யார் குத்தம்னு தெரியணும்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "எல்லாத்தையும் பழசுக்கே கொண்டு வாங்க."

பயாஸுக்குள் போய் எல்லாவற்றையும் பழையபடி மாற்றினேன். ஒன்று இருபதுக்கு ஐந்தாவது படம் தொடங்கியது, மூன்று மணிக்குள் முடிந்தது. உடனே ஆறாவது. அப்போதுதான் வெயில் சுவரில் நேராக விழுந்தது. இருவரும் திரையின் மூலையில் ஏறும் விழுக்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எழுபதில் அவள் என் கையைப் பிடித்தாள். தொண்ணூற்று மூன்றில் எண் சிறிது நேரம் நகராமல் நின்றது. நாலரைக்கு முடிந்தது. நாலு நாற்பதுக்கு அனுப்பிவிட்டாள். நான் கூட்டிய வேகத்தால் ஒரு படத்துக்கு மிச்சமானது எவ்வளவு என்று பிறகு கணக்குப் பார்த்தேன். எட்டு நிமிடம்.

சனிக்கிழமை மதிய வெயிலிலேயே ஒவ்வொன்றாகச் சோதித்தேன். பிராசசரை மட்டும் ஏற்றினேன், இரண்டு மணி நேரம் ஓடியது, ஒன்றும் ஆகவில்லை. அதை இறக்கிவிட்டு ராமை மட்டும் ஏற்றினேன். இருபது நிமிடத்தில் சோதனைத் திரையில் சிவப்பு வரிகள் வந்துவிட்டன. ராமை 6000லேயே விட்டேன். குழுவில், "6400 நிக்கல. தப்பு என்னோடது" என்று எழுதினேன். அவர்கள் கேலி செய்தார்கள், செய்யட்டும். அதையே அவளிடம் நேரில் சொல்லத்தான் எனக்கு நாக்கு எழவில்லை.

இரண்டாவது வாரத்தில் அந்த நிறுவனத்திலிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். வைத்ததும், "அடுத்த மாசம் ஆரம்பிக்கச் சொல்றாங்க" என்றாள். சிரித்தாள், உடனே அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

நான் போய்ச் சாமி அலமாரியிலிருந்து சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் எடுத்து வந்து அவளிடம் நீட்டினேன்.

"தப்பு என்னோடதும்மா. அன்னிக்கு நான் தொடச்சிருக்கக் கூடாது."

அவள் வாங்கவில்லை. கணினியைக் காட்டி, "தொடச்சவங்களே வைங்க" என்றாள்.

வைத்தேன். கை பழகாததால் பொட்டு கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது. அவள் அதை நேர்படுத்தாமல் அப்படியே விட்டுவிட்டு, உட்கார்ந்து கணினியைப் போட்டாள்.