கம்பளிக் கிடங்கில் ஒரு கம்ப்யூட்டர்

அன்றைக்கு மூன்றாவது தடவையாக ஃபிசாவின் கம்ப்யூட்டர் ஹேங் ஆனது. திரையில் மணப்பெண் பாதிக் கண்ணை மூடியபடி நின்றுவிட்டாள். கீழே, வீடியோ எவ்வளவு தயாரானது என்று காட்டும் நீலப் பட்டை இருபத்தொரு சதவீதத்தைத் தாண்டவில்லை.

நேற்றுக் குன்னூர் சர்ச்சில் நடந்த கல்யாணம் அது. இன்று மாலை ஆறு மணிக்கு வரவேற்பு. மண்டபத்துத் திரையில் போட அவள் வெட்டித் தொகுத்த வீடியோ நாலு மணிக்குள் ஸ்டுடியோக்காரர் நெல்சனிடம் போய்ச் சேர வேண்டும். போன மாதம் இரண்டு வேலை இப்படியே நின்று, இரண்டும் கோயம்புத்தூருக்குக் கை மாறிவிட்டன.

ஃபிசாவுக்கு முப்பத்தொரு வயது. மேட்டுப்பாளையத்தில் கட்டிக்கொடுத்து, இரண்டே வருஷத்தில் ஊட்டிக்குத் திரும்பி வந்தவள். பஜாரில் அண்ணன் ஜலீலுக்கு ஸ்வெட்டர் கடை. அதன் பின்னால் கிடங்கு. கூரை வரைக்கும் ஸ்வெட்டர், மஃப்ளர், சால்வை மூட்டைகள். நடுவில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, இவள். ஜன்னல் கிடையாது. “நாலு பேர் வந்து போற எடம், நீ உள்ளயே இருந்துக்க” என்று ஜலீல் சொல்லி ஆறு வருஷம் ஆகிறது. கதவைச் சாத்தி வைப்பதும் அவன் உத்தரவுதான். பனிமூட்டம் புகுந்தால் கம்பளி நமுத்து வாடை அடிக்கும். அதில் பொய்யில்லை.

“இந்த வாட்டியும் நின்னுச்சுன்னா மெஷினைத் தூக்கிட்டு அங்க நாலு மூட்டை அடுக்கிக்கறேன். நீ ஊட்டுல இரு” என்று காலையில்தான் சொல்லியிருந்தான். வீடு என்றால் அடுப்படியும், அடுத்த மாப்பிள்ளையைப் பற்றிய பேச்சும். இந்த மேசை போனால் ஃபிசாவுக்குத் தன்னுடையது என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

பஜாரில் பாதிப் பேரின் கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்க்கும் ரஃபிக்குப் போன் போட்டாள். அவன் போன மாதமே எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றி, மெமரியையும் மாற்றிக் கொடுத்திருந்தான். இன்று கூடலூரில் இருந்தான்.

“ரஃபி, சூடாகி நிக்குதோ என்னமோ?”

“அக்கா, இங்க நானே ரெண்டு ஸ்வெட்டர் மாட்டிட்டு நடுங்கறேன். ஊட்டியில உங்க மெஷினுக்கு மட்டும் வேர்க்குதாக்கும்?”

அவளுக்கும் அன்று காலை வரைக்கும் அந்த எண்ணம் வந்ததில்லை. ஆனால் மூன்று தடவையும் நேரத்தைக் குறித்து வைத்திருந்தாள். எட்டு மணிக்குப் போட்டது இருபத்தாறு நிமிஷம் ஓடியது. நின்றதும் உடனே திரும்பப் போட்டாள். ஒன்பது நிமிஷத்தில் நின்றது. ஒரு மணி நேரம் அணைத்து வைத்துவிட்டுப் போட்டதற்கு மறுபடி இருபத்துநாலு நிமிஷம். ஆறினால் ஓடுகிறது, ஓடினால் நிற்கிறது.

சூட்டைக் காட்டும் சின்ன புரோகிராம் ஒன்றை இறக்கித் திரை மூலையில் வைத்துக்கொண்டு நாலாவது தடவை ஓட விட்டாள். கிராஃபிக்ஸ் கார்டு எண்பது, எண்பத்தெட்டு, தொண்ணூற்றாறு டிகிரி. அங்கேயே உறைந்தது திரை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். கார்டில் இரண்டு விசிறிகள். ஒன்று விரலால் தள்ளினாலும் அசையவில்லை. தகடுகளின் இடுக்கில் புருவம் திருத்தும் கிடுக்கியை விட்டு இழுத்தாள். நார் நாராக வராமல் துண்டாகவே வந்தது. மெரூன், பாட்டில் பச்சை, பள்ளிக்கூட நீலம். ஆறு வருஷத்துக் கம்பளிப் பிசிறு படிந்து, இறுகி, கார்டும் ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருந்தது.

அத்தனையையும் பிரஷால் தட்டி எடுத்தாள். ஒரு விசிறி சுற்றியது, மற்றது செத்தே போயிருந்தது. கதவு சாத்திய கிடங்கில் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். பத்தாவது நிமிஷம் எண்பத்தொன்பது. மூட்டைகள் நெருக்கிக்கொண்டு நிற்கும் இடத்தில் சூடு எங்கே போகும்? அது நின்றுவிடும் முன் இவளே நிறுத்தினாள். மணி ஒன்றே முக்கால். கதவைத் திறந்தாள்.

“சாத்து புள்ள, பனி வருது” என்றான் ஜலீல், கல்லாவிலிருந்து.

“இதைக் கடையில வெச்சு ஓட்டணும்ணா. ரெண்டு மணி நேரம்.”

“கஸ்டமர் வர்ற நேரத்துலயா? மெஷினுக்கு உள்ள மூச்சு முட்டுதாக்கும்.”

“ஆமாண்ணா. மெஷினுக்குத்தான்.”

ஜலீல் வாயைத் திறப்பதற்குள் அவள் போன் அடித்தது. நெல்சன். “ஏனுங்க ஃபிசா, இங்க ஸ்கிரீன் கட்டியாச்சுங்க. வருமா வராதா, ஒண்ணு சொல்லிருங்க.”

“நாலு மணிக்குள்ள வந்துருமுங்க சார்” என்றாள், அண்ணனைப் பார்த்துக்கொண்டே.

போனை வைத்துவிட்டுப் பெட்டியையும் திரையையும் தூக்கி வந்துவிட்டாள். குல்லா பார்த்துக்கொண்டிருந்த ஒரு வெளியூர்க் குடும்பம் வழிவிட்டது. அவர்கள் முன்னால் ஜலீல் என்ன செய்வான்? கையுறைக் குவியலை ஒதுக்கி இடம் கொடுத்தான். தெருவிலிருந்து அடித்த ஈரக்காற்றில் கார்டு எழுபதைத் தாண்டவில்லை. இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று நீலப் பட்டை நகர்ந்தது. ஃபிசா மழையையும் குடைகளையும் பார்த்தாள். யாரோ மஃப்ளர் விலை கேட்டதற்குப் பதில்கூடச் சொன்னாள். மூன்று நாற்பதுக்கு வீடியோ போய்ச் சேர்ந்தது. ஆகஸ்டில் இன்னும் இரண்டு கல்யாணம் இருக்கிறது என்று நெல்சனிடமிருந்து பதில் வந்தது.

“பரவால்லையே” என்றான் ஜலீல். “சரி, உள்ள எடுத்து வெச்சுரு.”

“உள்ள வெச்சா மறுபடி நிக்கும்.”

அவன் தாடையைச் சொறிந்தான். “மெஷினுக்கு ஒரு வழி பண்றேன்.”

சொன்னபடியே மறுநாள் கொத்தனார் மாரிச்சாமி உளியோடும் ஒரு பழைய எக்ஸாஸ்ட் ஃபேனோடும் வந்தார். ஜலீல் தரையோரம் கை காட்டினான். “இங்க ஓட்டை போடுங்க. மெஷின் கீழதான் இருக்குது.”

“சூடு மேலதாண்ணா ஏறும்” என்று சொல்லிவிட்டு ஃபிசா நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே கையை நீட்டிச் சுவரில் தன் கண் மட்டத்தில் சாக்கட்டியால் ஒரு சதுரம் போட்டாள்.

“அப்படீன்னா கூரைகிட்டயே வெக்கலாங்களே?” என்றார் மாரிச்சாமி.

“வேண்டாங்க. இங்கயே போதும்.”

அவர் சதுரத்தைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். கோட்டின் மேல் உளியை வைத்து அடிக்கத் தொடங்கினார்.

மதியத்துக்குள் சுவர் திறந்தது. பக்கத்துக் கட்டிடத்துத் தகரக் கூரையும், அதற்கு மேலே ஒரு முழம் வானமும் தெரிந்தன. “பூச்சு காய ரெண்டு நாள் ஆகும், அதுக்கப்புறம்தான் ஃபேனை மாட்டோணும்” என்று சொல்லிவிட்டு அவர் போனார். ஜலீல் வந்து கம்பளிக்கு ஈரம் ஏறுமே என்று முணுமுணுத்து, அந்தப் பக்கத்து மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போர்த்திவிட்டுக் கடைப் பக்கத்துக் கதவைச் சாத்தினான்.

ஃபிசா நாற்காலியை ஓட்டைக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டாள். சில்லென்ற காற்று முகத்தில் அறைந்தது. அவள் சால்வையை இழுத்து மூடிக்கொள்ளவில்லை.